பச்சை இலை ஒட்டின பெயிண்ட் டப்பா

எந்தப் பொருள் மேலயாவது ஒரு பச்சை இலை படம் போட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது'ன்னு எழுதிட்டா போதும், நமக்கு மனசு குளிர்ந்துடும். ஷாம்பு, துணிப்பை, ஏசின்னு சுத்தி வந்த அந்த இலை, இப்போ கப்பலோட அடியில பூசுற பெயிண்ட் வரைக்கும் வந்தாச்சு. அதை நம்பலாமாங்கறதுதான் இந்தப் பதிவு. கப்பலுக்கும் எனக்கும் உள்ள உறவு, மெரினாவுல சுண்டல் தின்னுக்கிட்டே தூரத்துல பார்த்ததோட சரி :-) ஆனா இதைப் பத்தி படிக்கப் படிக்க, விஷயம் பெயிண்டோட முடியலைன்னு தோணிச்சு.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துடுவோம். கடல் தண்ணியில எதைப் போட்டாலும் கொஞ்ச நேரத்துலயே பாக்டீரியா ஒட்டி வழவழன்னு ஒரு படலம் வந்துடும். அது மேல பாசி. அப்புறம் பார்னக்கிள், மட்டி, சிப்பி எல்லாம் குடும்பத்தோட குடியேறும். (பார்னக்கிள் பார்க்க சிப்பி மாதிரி இருக்கும், ஆனா நண்டு, இறாலுக்குத்தான் சொந்தம். சிமெண்ட் வச்சுப் பூசின மாதிரி ஒட்டிக்கும்.) கப்பல் அடி சொரசொரப்பாகும், தண்ணி இழுக்கும், எண்ணெய் கூடுதலா எரியும். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களை வச்சு மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007-ல போட்ட கணக்குப்படி, ஓடுள்ள உயிரிகள் கனமா படிஞ்சா, அதே வேகத்துல போக 86% வரைக்கும் கூடுதல் சக்தி வேணும். 2011-ல அவரும் கூட்டாளிகளும் போட்ட இன்னொரு கணக்குல, டிடிஜி-51ங்கற ஒரே ஒரு வகைப் போர்க்கப்பல்களுக்கு மட்டும் இதனால வருஷத்துக்கு 5.6 கோடி டாலர் செலவு.

அதனால 'பெயிண்டே வேணாம், இயற்கையா விடுங்க'ன்னு சொல்றது சரியா வராது. கூடுதல் எண்ணெய்னா கூடுதல் புகை. நம்ம ஊர் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. வேலை முடிஞ்சதும் கரைக்கு இழுத்து, கட்டைகளைப் பிரிச்சு வெயில்ல காயப் போட்டுடலாம். முன்னூறு மீட்டர் நீளக் கப்பலை அப்படி இழுத்துப் போட முடியுமா?

இதுக்கு மனுஷன் கண்டுபிடிச்ச பழைய வழி செம்பு. 1761-ல பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்'ங்கற கப்பலோட அடியில செம்புத் தகடு அடிச்சுது. நல்லா வேலை செஞ்சுது. ஆனா செம்பு கரைஞ்சுக்கிட்டே இருந்ததால செலவு கட்டுப்படியாகலை. 1824-ல ஹம்ஃப்ரி டேவி (நம்ம வேதியியல் பாடப்புத்தகத்துல வர்ற அதே டேவிதான்) செம்போட கொஞ்சம் இரும்போ துத்தநாகமோ சேர்த்து அரிப்பை நிறுத்திக் காட்டினார். செம்பு கரையறது நின்னுது. கூடவே பார்னக்கிளும் பாசியும் ஜம்முனு வந்து உட்கார்ந்துச்சு! அதாவது, காப்பாத்தினதே கரைஞ்சு போன அந்தச் செம்புதான். கடல்ல விஷம் கசிஞ்சாத்தான் கப்பல் சுத்தமா இருக்கும். இந்த ஒரு வரியிலதான் அடுத்த 200 வருஷக் கதையும் அடங்கியிருக்கு.

1960-கள்ல டிபிடி வந்துச்சு. ட்ரைபியூட்டைல் டின், தகரம் கலந்த ஒரு சேர்மம். கப்பல் ஓட ஓட மேல்படலம் தானா தேய்ஞ்சு புது விஷப்படலம் வெளியே வர்ற மாதிரி பெயிண்ட் செஞ்சாங்க. கப்பல் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். ஆனா 70-கள்ல பிரான்ஸோட ஆர்க்கஷோன் விரிகுடாவுல சிப்பி வளர்த்தவங்களுக்கு அடி விழுந்துச்சு. ஓடு கன்னாபின்னான்னு தடிச்சுது, குஞ்சுச் சிப்பி பிழைக்கலை. இங்கிலாந்துக் கரையில டாக் வெல்க்ங்கற கடல் நத்தையில பெண்ணுக்கெல்லாம் ஆண் உறுப்பு முளைச்சு, முட்டை போட வழியில்லாம இனமே அழிய ஆரம்பிச்சுது. ஒரு லிட்டர் தண்ணியில ஒரு கிராம்ல நூறு கோடியில ஒரு பங்கு டிபிடி இருந்தாலே இது நடக்கும்.

பிரான்ஸ் 1982-லயே சின்னப் படகுகளுக்குத் தடை போட்டுச்சு. சிப்பிப் பண்ணைகள் மீண்டுச்சு. ஆனா பெரிய கப்பல்களுக்கான உலக ஒப்பந்தம் கையெழுத்தானது 2001-ல, நடைமுறைக்கு வந்தது 2008 செப்டம்பர்ல. சாட்சி கையில கிடைச்சதுக்கும் கதவு மூடினதுக்கும் நடுவுல 26 வருஷம். எனக்குக் கோபம் வர்றது விஷத்து மேல இல்லை, இந்த 26 மேலதான்.

சரி, டிபிடி போச்சு, அடுத்தது? திரும்பவும் செம்பு, கூடவே துணைக்குச் சில ரசாயனங்கள். அதுல ஒண்ணு சைபுட்ரைன். பாசியோட ஒளிச்சேர்க்கையை நிறுத்துற சரக்கு. பவளத்துக்கு உள்ளே வாழற பாசியும் பாசிதானே, கடல்புல்லுக்கும் ஒளிச்சேர்க்கைதானே? அதையும் சேர்த்து அடிச்சுது. அதே உலக ஒப்பந்தத்துல 2023 ஜனவரியில இருந்து அதுக்கும் தடை. இன்னொண்ணு 'ஸீ-நைன்'. 1996-ல அமெரிக்காவுல பசுமை வேதியியலுக்கான ஜனாதிபதி விருதே வாங்கிச்சு. கடல் தண்ணியில ஒரே நாள்ல பாதி சிதைஞ்சுடும்ங்கறதுதான் அதோட பெருமை. டிபிடியோட ஒப்பிட்டா அது நிஜமாவே முன்னேற்றம்தான், நான் மறுக்கலை. ஆனா ஒரு நாள்ல சிதையற சரக்கு, நூறு படகு கட்டிக் கிடக்கற துறைமுகத்துல ஒவ்வொரு நாளும் புதுசா கசிஞ்சுக்கிட்டே இருந்தா, அந்த இடத்துல வாழற ஜீவனுக்கு அது சிதைஞ்ச கணக்கா, சிதையாத கணக்கா?

செம்பும் யோக்கியம் இல்லை. அமெரிக்காவுல சான் டியாகோ பக்கம் ஷெல்டர் ஐலண்ட்னு உல்லாசப் படகுகள் நிக்கிற துறை ஒண்ணு இருக்கு. தண்ணியில சேர்ற செம்பை 76% குறைக்கணும்னு 2005-ல அதிகாரிகள் உத்தரவு போட்டாங்க. காரணம், படகுகளோட அடி பெயிண்ட்.

இப்போ உண்மையிலயே நம்பிக்கை தர்ற பக்கத்துக்கு வருவோம். சிலிக்கோன் பூச்சு எதையும் கொல்றதில்லை, ஒட்ட விடாது, அவ்வளவுதான். தோசைக்கல்லுல நான்-ஸ்டிக் மாதிரி. கப்பல் வேகமா போனா ஒட்டினது தானா உதிரும். சிக்கல் என்னன்னா விலை அதிகம், உராய்ஞ்சா கிழியும், வாரக்கணக்குல நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுக்கு அவ்வளவா உதவாது. ஸ்வீடன்ல இருந்து வந்த இன்னொரு ஐடியா மெடெட்டோமிடின். கால்நடைக்கு மயக்கம் கொடுக்கற மருந்து, ஆனா பார்னக்கிள் குஞ்சுக்கு நேர்மாறு. கால் பதறி நீந்திக்கிட்டே இருக்கும், உட்காராது. பெயிண்ட்ல 0.1% இருந்தாலே போதுமாம். சுறாத் தோலைப் பார்த்து மேடு பள்ளம் வச்ச பரப்பு செய்யற ஆராய்ச்சியை ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல அந்தோணி பிரென்னன் 2002 வாக்குல ஆரம்பிச்சார்.

'இதெல்லாம் பணக்கார நாட்டுப் பிரச்சினை'ன்னு நீங்க நினைச்சா, எண்ணூர் பக்கம் ஒரு நடை போய்ட்டு வாங்க. அங்கே முகத்துவாரத்துல 'காக்கா ஆழி'ன்னு மீனவர்கள் சொல்ற ஒரு மட்டி மண்டிக் கிடக்கு. தென் அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. இறால் மேயற சேற்றுத் தரையை ஜமக்காளம் விரிச்ச மாதிரி மூடிடுச்சு. கையால தடவி இறால் பிடிச்சுப் பொழைச்சவங்க பொழப்பு போச்சு. கப்பல் வழியாத்தான் வந்திருக்கும்ங்கறது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. அடியில ஒட்டிக்கிட்டு வந்துச்சா, கப்பலுக்குள்ள நிரப்பற பாரத் தண்ணியில வந்துச்சான்னு தனியா வாதாடலாம். ஆனா கப்பலைச் சுத்தமா வைக்காட்டியும் அடி வாங்கறது கரையில இருக்கறவன்தான், விஷம் பூசி வச்சாலும் அடி வாங்கறது அவன்தான். எண்ணெய்ச் செலவு மிச்சமாகி லாபம் பார்க்கறது மட்டும் வேற ஆள்.

அதனால என் கட்சி இதுதான். 'உகந்தது'ன்னு எழுதினா, எதை விட, யாருக்குன்னும் அதே டப்பாவுல எழுதணும். டிபிடியை விடப் பரவாயில்லைங்கறது ஒரு தகுதியே இல்லை. என்ன கலந்திருக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு கசியும்ங்கற கணக்கு வெளியில தெரியணும். விஷம் இல்லைன்னு நிரூபிக்கற வேலை விக்கறவனோடதா இருக்கணும், சிப்பி வளர்க்கறவனோடதா இருக்கக் கூடாது. ஓடிக்கிட்டே இருக்கற கப்பலுக்குச் சிலிக்கோன், நின்னுக்கிட்டே இருக்கறதுக்குத் தண்ணிக்குள்ளயே தேய்ச்சு, தேய்ச்ச அழுக்கை உறிஞ்சி எடுக்கற ஏற்பாடு. செலவு ஆகும்தான். மிச்சமாகற எண்ணெய்க் காசுல இருந்து அதைக் கொடுக்கட்டும்.

'நூறு சதவீதம் சுத்தமான சரக்கு வர்ற வரைக்கும் காத்திருந்தா டிபிடியே இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்'னு ஒருத்தர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புதுசை விடுங்க, பூசுங்க, நானும் வேணாம்னு சொல்லலை. ஆனா முதல் சிப்பி செத்த அன்னைக்கே நிறுத்தற சுவிட்ச் ஒண்ணும் கூடவே இருக்கணும். எங்க தொழில்ல நேரா ப்ரொடக்ஷன்ல போட்டு டெஸ்ட் பண்றவனைத் திட்டுவோம். அவன் கிட்ட கூட, தப்பாப் போனா பழையபடி மாத்தி வைக்க ஒரு வழி இருக்கும். கடலுக்கு அந்த வசதி கிடையாது.

மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல தாராளமா சண்டைக்கு வாங்க.