விழிப்புணர்வு யாருக்கு வேண்டும்?

சொற்கள் சில வேளைகளில் உண்மையை விளக்குவதற்குப் பதிலாக மறைத்துவிடுகின்றன. மட்டக்களப்புப் பிரதேசத்து வயல்களில் வழங்கும் 'மருந்தடித்தல்' என்ற சொல் அத்தகையது. அங்கு தெளிக்கப்படுவது பூச்சியையும் களையையும் கொல்வதற்கென்றே ஆக்கப்பட்ட நஞ்சு. அதற்கு மருந்தென்று பெயர் சூட்டியதன் மூலம், அதனை முதுகிற் சுமப்பவன் அபாயகரமான இரசாயனத்தைக் கையாளும் ஒரு தொழிலாளி என்பது மறக்கப்பட்டுவிட்டது.

வந்தாறுமூலையில் இன்று ஒரு பல்கலைக்கழகம் நிற்கின்றது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் பெரும்போகம்தோறும் கூலிக்கு நஞ்சு தெளிப்போர் பலர். நிலம் அவர்களுடையதன்று. எந்த நஞ்சை வாங்குவது, எவ்வளவு தெளிப்பது என்ற முடிவும் பெரும்பாலும் அவர்களுடையதன்று. அவர்களுடையன முதுகும் மூச்சும் மட்டுமே. இவர்களுடைய பாதுகாப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கற்றோர் நாவில் முதலில் வருவது ஒரே சொல்: விழிப்புணர்வு. தொழிலாளிக்கு அறிவு போதாது, அவனுக்குக் கருத்தரங்கு நடத்துக, துண்டுப்பிரசுரம் வழங்குக, கையுறையும் முகக்கவசமும் அணியச் சொல்லுக. இவ்வாதம் நல்லெண்ணத்தின் தோற்றத்தையுடையது. ஆயினும் அடிப்படையில் இது பொறுப்பை இடம்மாற்றும் வாதம் என்பதை மறுக்கவியலாது.

முதலாவதாக, தொழிலாளி அறியாதவன் என்பதே பிழையான எடுகோள். காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நடக்கவும், துணியால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ளவும் அவனுக்கு எந்தக் கருத்தரங்கும் கற்பிக்கவில்லை. தன்னாலியன்ற காப்பை அவன் தானே தேடிக்கொண்டான். ஆனால் அது போதுமானதா? சேதனப் பொசுபரசுப் பூச்சிநாசினிகள் மூச்சின் வழியாக மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உடலுட் புகுவன. நரம்புகளிற் செய்தி கடத்தும் அசற்றைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கவேண்டிய நொதியத்தை அவை முடக்குகின்றன. வியர்வை பெருகுகின்றது, தலை வலிக்கின்றது, குமட்டல் எடுக்கின்றது, கண்மணி சுருங்குகின்றது, நஞ்சு மிகுந்தால் தசைகள் துடித்து மூச்சே தடைப்படுகின்றது. தொடக்கக் குறிகளாகிய வியர்வை, தலைவலி, சோர்வு ஆகியவற்றை வெயிலின் களைப்பிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. வாயைக் கட்டிய துணி நஞ்சில் நனைந்ததும் அத்துணியே நஞ்சைத் தோலோடு சேர்த்துப் பிடிக்கும் கருவியாகின்றது.

கையுறை, முகக்கவசம், நீண்ட காலணி ஆகியவற்றை அணியட்டுமே என்பர். முழங்கால் புதையும் சேற்றில், உச்சி வெயிலில், நீர் நிறைந்த தெளிகருவியைச் சுமந்து நடப்பவன் காற்றுப்புகாத உடையினுள் எத்தனை நாழிகை நிற்பான்? தொழிற்சுகாதாரத் துறையினர் பாதுகாப்பு வழிகளை ஒரு வரிசைப்படி கூறுவர். அபாயப் பொருளை அகற்றுதல் முதலாவது, தீமை குறைந்ததை அதனிடத்தில் வைத்தல் இரண்டாவது, பொறியியல் முறையால் மனிதனை அதிலிருந்து பிரித்தல் மூன்றாவது, வேலை ஒழுங்கை மாற்றுதல் நான்காவது, உடற்கவசம் கடைசி. விழிப்புணர்வுவாதிகளோ கடைசியில் தொடங்கிக் கடைசியிலேயே முடித்துக்கொள்கின்றனர். ஏனெனில் முதல் நான்கும் இறக்குமதியாளர், விற்பனையாளர், நிலவுடைமையாளர், அரசு ஆகியோரின் கடமைகள். ஐந்தாவதை மட்டுமே கூலியாளின் தலையிற் சுமத்தலாம்.

வரிசையின் முதற்படி எத்துணை வலியது என்பதற்கு இலங்கையே சான்று. 1982இல் உலக சுகாதார தாபனத்தின் ஏட்டில் ஜெயரத்தினமும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட கட்டுரை, ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பீடைநாசினி நஞ்சூட்டத்தால் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்படுவதையும், ஏறத்தாழ 1,000 பேர் இறப்பதையும் காட்டியது. அவற்றுட் பெரும்பான்மை தற்கொலை முயற்சிகள்; எனினும் தொழிலின்போது நேர்ந்தவையும் அக்கணக்கில் இருந்தன. பின்னர் 1995இல் மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த நஞ்சுகளும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரை பரகுவற் முதலியனவும் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன. 1995இல் இலட்சத்துக்கு 47ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24ஆகக் குறைந்தது. துயரம் நாட்டிலிருந்து நீங்கிவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்திலிருந்த கொடிய நஞ்சு நீங்கியது. அறிவுரை செய்யாததை அகற்றுதல் செய்தது. இத்தடைகளால் விளைச்சல் வீழ்ந்ததாகவும் ஆய்வுகள் காட்டவில்லை.

2021ஆம் ஆண்டின் அனுபவத்தைக் காட்டி இதனை மறுப்போர் உளர். அவ்வாண்டு இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் ஒரேயடியாக இறக்குமதித் தடை விதிக்கப்பட்டது. நவம்பரில் அது கைவிடப்பட்டது. தொடர்ந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. உண்மை. ஆனால் அத்தடை தொழிலாளியின் பாதுகாப்பை ஆராய்ந்து, கொடியவற்றைத் தெரிந்து, மாற்றை முன்வைத்துச் செய்யப்பட்டதன்று. ஆண்டுக்கணக்கில் தெரிந்தெடுத்து அகற்றியதையும், ஓரிரவில் எல்லாவற்றையும் மூடியதையும் ஒரே தராசில் நிறுப்பது நேர்மையாகாது.

இனிச் சட்டத்தை நோக்குவோர் விந்தையானதொரு பிளவைக் காண்பர். வந்தாறுமூலைக்கு வடக்கே, 1950களில் எழுந்த வாழைச்சேனைக் காகித ஆலை இருக்கின்றது. அத்தகைய ஆலையொன்றின் மதிலுக்குள் ஓர் இரசாயனப் பீப்பாய் இருக்குமாயின், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதன்மீது கண் வைக்கும், பரிசோதகர் வரலாம், உரிமையாளர் பதில் சொல்லவேண்டும். அதே அளவு நச்சுத்தன்மையுள்ள பொருள் வயல் வரப்பில் இருக்குமாயின் அச்சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும், வயல் தொழிற்சாலையன்று. 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டமோ பதிவு, இறக்குமதி, விற்பனை, சிட்டை ஆகியவற்றையே முதன்மையாக நோக்குகின்றது. போத்தலுக்குச் சட்டம் உண்டு. போத்தலைத் திறப்பவனுக்குச் சட்டம் எங்கே? இன்று ஒருவர் வயலிலும் நாளை இன்னொருவர் வயலிலும் கூலிக்கு நிற்பவன் நோயுற்றால், நட்டஈடு கேட்பதற்கு எந்த எசமானைச் சுட்டுவான்? தெளித்த வயலில் மறுநாள் களை பிடுங்க இறங்கும் பெண்களின் நிலை இதனினும் மோசம். அவர்கள் தெளிப்போர் என்ற கணக்கிற்கூட வருவதில்லை.

அறிவு மட்டும் காப்பாற்றாது என்பதற்கு உலகறிந்த சான்று போபால். அங்கு பூச்சிநாசினி ஆலையில் 1981 டிசம்பரிலேயே பொஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். தொழிற்சங்கத்தினர் எச்சரிக்கைச் சுவரொட்டிகளை ஒட்டினர். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982இல் வரப்போகும் அழிவை எழுத்தில் வைத்தார். 1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு மெதைல் ஐசோசயனேற்று கசிந்தபோது குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. நச்சு வாயுவை எரிக்கும் கோபுரம் இணைப்பற்றிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கு இல்லாதிருந்தது விழிப்புணர்வா? தொழிலாளர் விழித்திருந்தனர். விழித்தவர் கையில் அதிகாரம் இருக்கவில்லை.

ஆகவே கேட்கவேண்டியவை வேறு. தொழிற்பாதுகாப்புச் சட்டம் வயலையும் வேலைத்தலமாக ஏற்கவேண்டும். அன்றைய கூலிக்கு அழைத்தவரே அன்றைய எசமான் என்று அது வரையறுக்கவேண்டும். கூலியை இழக்காமல் தெளிக்க மறுக்கும் உரிமை வேண்டும். கழுவுநீர், மாற்றுடை, வெற்றுக் கொள்கலன்களை மீளப்பெறல் ஆகியவை விற்போரதும் வேலை கொள்வோரதும் பொறுப்பாகவேண்டும். பாதுகாப்பான, நலமான வேலைச் சூழலைச் சர்வதேச தொழில் தாபனம் 2022இல் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 1948 முதல் அதில் அங்கத்துவம் வகிக்கும் நாடு அவ்வுரிமையை வரப்பு வரையேனும் கொண்டுசெல்லக் கடமைப்பட்டதாகும்.

பல்கலைக்கழகத்தாருக்கும் இதிற் பங்குண்டு. நஞ்சின் இயல்பை ஆய்வது விஞ்ஞானிகளின் வேலை, சட்டத்தின் ஓட்டையும் கூலியின் கணக்கும் எவருக்கும் உரியனவல்ல என்று கலைத்துறையினர் ஒதுங்கிவிட முடியாது. தெளிப்போர் எத்தனை பேர், என்ன நோயுறுகின்றனர், என்ன கூலி பெறுகின்றனர் என்ற பதிவை ஊர் ஊராகத் திரட்டலாம். அதனைக் கொண்டு சட்டமியற்றுவோரை, இறக்குமதி செய்வோரை, நிலமுடையோரை விழிக்கச் செய்யலாம். அவர்கள் விழிக்கும்வரை, விழிப்புணர்வு பெறுக என்று வயலில் நிற்பவனை நோக்கிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.