குடும்ப வழக்கும் எல்லைக்கோடும்

வாளையார்: கணவன் கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறார்; மனைவி மதுக்கரையில் தாய்வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாசஞ்சர் வண்டியில் சிறிது நேரப் பயணந்தான். ஆனால் வழக்கென்று வந்துவிட்டால் இரண்டும் வெவ்வேறு மாநிலங்கள்.

முன்பெல்லாம் இந்து திருமணச் சட்டப்படி, திருமணம் நடந்த இடம், தம்பதியர் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றிலுள்ள கோர்ட்டில்தான் பொதுவாக மனுச் செய்ய முடியும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த எல்லையை விரிவாக்கியது. மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு கொடுக்கலாம். ஜீவனாம்ச வழக்கையும் அங்கேயே தொடரலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவ்வுரிமை நீடிக்கிறது.

சிக்கல், கணவன் முந்திக்கொண்டு பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் மனுச் செய்யும்போதுதான். ஒரே மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றமே வழக்கை மாற்றித்தரும். மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். இத்தகைய மனுக்களில் பொதுவாக மனைவியின் வசதியையே கவனிக்க வேண்டுமென 2022-இல் அந்நீதிமன்றம் கூறியது. எனினும் பக்கத்திலுள்ள கோவைக்கு வழக்கு வர, டில்லியில் மனுப் போட வேண்டியிருக்கிறது!

அதுவரை சம்மனை அலட்சியம் செய்தால் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உச்ச நீதிமன்றத்திலும் உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும். எல்லை மாவட்ட வழக்குகளையாவது மாற்றும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்கும் அளிப்பது பற்றி பார்லிமெண்ட் யோசிப்பது நலம்.