நான்கு கைகளுக்கு ஒரு கூலி!

தெள்ளார்! வரலாறு படித்தோர் அந்தப் பெயரைக் கேட்டதும், ஒன்பதாம் நூற்றாண்டில் அங்குப் பாண்டியன் படையை முறியடித்து, 'தெள்ளாறு எறிந்தவன்' என்ற விருதைப் பெற்ற பல்லவ வேந்தன் மூன்றாம் நந்திவர்மனை நினைப்பர். வென்ற வேந்தனுக்குக் கலம்பகம் கிடைத்தது. அவன் தோளில் கிடந்த ஆடையை நெய்தவன் எவன்? அவனுக்குக் கிடைத்த கூலி யாது? அதை எந்தப் புலவனும் நமக்குச் சொல்லி வைக்கவில்லை.

அன்று கேட்கப்படாத அந்தக் கேள்வியை இன்று நாம் கேட்கிறோம். ஊரெல்லாம் புகழும் ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடு பெற்ற பட்டு, நெய்யப்படும் வட்டாரம் இது. குழித்தறியில் ஆடவன் அமர்ந்திருக்கிறான். அருகே தார் சுற்றுகிறாள் அவன் மனைவி. இழை அறுந்தால் பிணைப்பவள் அவள். பாவு வந்தால் உடன் நின்று உழைப்பவள் அவள். வேலைப்பாட்டிற்கேற்பப் பத்து நாளோ, பதினைந்து நாளோ நான்கு கைகள் உழைத்த பிறகு, தறியிலிருந்து ஒரு சேலை அறுக்கப்படுகிறது. சேலைக்கு ஒரு கூலி! தறியில் அமர்ந்த இரு கைகளுக்கே போதாத கூலி! மற்ற இரு கைகள் எந்தக் கணக்கிலும் இல்லை. மழைநாளில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் வேலை இல்லை, கூலியும் இல்லை.

கூலி கேட்டால் என்ன கிடைக்கிறது? பாராட்டு கிடைக்கிறது! 'பரம்பரைக் கலை' என்கிறார்கள். 'குலத்தொழில்' என்கிறார்கள். கலை என்று கூறிக் கைகுலுக்குவோர், கூலி என்றதும் கையை விரிக்கிறார்கள். குலம் என்பதும் தலையெழுத்து என்பதும் எதற்குப் பயன்பட்டன? உழைப்புக்கு விலை கேட்கும் நாவை அடக்கத்தானே! 1953-இல், அரைநாள் பள்ளி, மறு அரைநாள் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தபோது தமிழகம் ஏன் கொதித்தெழுந்தது? மறு ஆண்டே அது ஏன் கைவிடப்பட்டது? பிள்ளையின் கையையும் சேர்த்தால்தான் வயிறு நிரம்பும் என்ற நிலை, அந்தத் தொழிலின் சிறப்பு அன்று. அந்தக் கூலியின் கொடுமை.

சட்டம் இல்லையா என்று இளைஞர்கள் கேட்பர். இருந்தது. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வெறும் ஆலைத் தொழிலாளிக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. பிறர் கொடுத்த பொருளைப் பெற்றுத் தன் வீட்டிலேயே வேலை செய்து கொடுப்பவனும் தொழிலாளியே என்று அச்சட்டத்தின் விளக்கப் பிரிவு தெளிவாகக் கூறிற்று. தமிழகத்தில் கைத்தறிப் பட்டு நெசவும் அச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் நடந்தது என்ன? பட்டும் சரிகையும் கொடுப்பவர், "நான் முதலாளி அல்லன், வணிகன்" என்றார். "இவன் தொழிலாளி அல்லன், தன் வீட்டில் தன் தறியில் நெய்பவன்" என்றார். தறி அவனுடையதாம்! பட்டு யாருடையது? சேலை யாருடையது? விலை வைப்பவர் யார்? முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வேறு வாசல் மிதிக்கவொட்டாமல் கட்டிவைப்பவர் யார்? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், இந்திய நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தொடவில்லை என்று தெரிந்தது. சட்டம் ஏட்டில் நின்றது. கூலி தரையில் கிடந்தது.

"கூலியைக் கூட்டினால் தொழில் அழியும்" என்று அச்சுறுத்துவோர் உளர். புதிய வாதமா இது? 1910-இல் இங்கிலாந்தின் கிராட்லி ஹீத் ஊரில், வீட்டுக் கொல்லையில் உலை மூட்டிச் சங்கிலி அடித்த பெண்களுக்கு, 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூலி வரையறுக்கப்பட்டது. தர மறுத்தனர் முதலாளிகள். 'பழைய கூலியே போதும்' என்ற தாளில் அப்பெண்களிடம் கைநாட்டு வாங்கவும் முனைந்தனர்! மேரி மகார்தர் தலைமையில் பத்து வாரம் போராடி அப்பெண்கள் வென்றனர். பலருக்குக் கூலி ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. சங்கிலித் தொழில் மறுநாளே மாண்டுவிடவில்லை.

1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு மாநில உணவகங்களையும் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் ஒப்பிட்டனர். கூலி உயர்ந்த இடத்தில் வேலை குறையவில்லை என்று கண்டனர். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. எவ்வளவு உயர்த்தினாலும் கேடில்லை என்று நாம் வாதாடவில்லை. அளவு உண்டு, ஆய்வு வேண்டும். ஆனால் பாவு கொடுப்போர் சிலராகவும், அதை எதிர்பார்ப்போர் பலராகவும் உள்ள ஊரில், கூலி உழைப்பின் மதிப்பால் அமைவதில்லை. எதிர்பார்ப்போரின் இல்லாமையால் அமைகிறது. அங்குக் கூலியை உயர்த்துவது தொழிலை வெட்டுவதாகாது. பறிபோன பங்கை மீட்பதாகும்.

விசைத்தறியின் போட்டி பொய்யன்று. ஆனால், நெசவாளியைப் பட்டினி போட்டு எந்திரத்தின் வேகத்தை வெல்ல முடியுமா? அதற்குத்தான் 1985-இல் குறிப்பிட்ட வகைச் சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். அதைக் காக்கட்டும்! நியாயக் கூலி கொடுக்கும் சிறு வணிகர் நொடிந்து போவதும் குறைகூலி கொடுப்போரின் போட்டியால்தான். எல்லோருக்கும் ஒரே அடித்தளம் அமைந்தால், நேர்மையாளரும் பிழைப்பர். வெறும் குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நிலைத்திருக்கும் உரிமையே இல்லை என்று கிரவுன் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே உரைத்தது. குறைந்தபட்சத்திற்கும் குறைவான கூலி கட்டாய உழைப்பே என்று 1982-இல் தீர்ப்பளித்தது. இவை ஏதோ வீதியில் எழுந்த கூச்சல்கள் அல்ல!

இப்போது ஒரு புதிய ஆபத்து. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2019-இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் வந்துள்ளது. தொழில்தோறும் அடித்தளக் கூலி என்பது அதன் நல்ல முகம். ஆனால், வீட்டில் வேலை செய்து கொடுப்பவனும் தொழிலாளி என்ற பழைய தெளிவான சொல், அதன் விளக்கத்தில் இல்லை! 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வீட்டுத் தொழிலாளியை நினைவில் வைத்திருக்கிறது. கூலிச் சட்டம் மறந்துவிட்டது. உதவித்தொகைக்குத் தொழிலாளி, கூலிக்கு அந்நியனா?

கதவு முழுதும் மூடப்படவில்லை. அரசு அறிவிக்கும் எவரும் அச்சட்டப்படி பணியாளரே என்றும் அதே விளக்கம் கூறுகிறது. ஆகவே நாம் கேட்பவை மூன்று. வீட்டில் நெய்யும் நெசவாளரைப் பணியாளர் என மாநில அரசு அறிவித்திடுக! சேலைக்கூலியை வகுக்கும்போது, தார் சுற்றும் கைக்கும் இழை பிணைக்கும் கைக்கும் உரிய நேரத்தை எண்ணி, அந்தக் கூலியை அந்தப் பெண்ணின் பெயரிலேயே கொடுத்திடுக! ஓர் ஊரில் கூட்டினால் அடுத்த ஊருக்குப் பாவு ஓடாதவாறு, மாநிலமெங்கும் ஒரே அடித்தளம் அமைத்திடுக!

தோழர்களே! அடுத்தமுறை பட்டுச் சேலை ஒன்றைக் காணும்போது, அதன் சரிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். எத்தனை கைகள் நெய்தன, எத்தனை கைகளுக்குக் கூலி கிடைத்தது என்று கேளுங்கள். கடையில் கேளுங்கள், மேடையில் கேளுங்கள், வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள். தெள்ளாரில் வேந்தன் பெற்ற வெற்றியை ஏடுகள் பாதுகாத்தன. நெசவாளி பெறவேண்டிய வெற்றியை நாம்தான் எழுதியாக வேண்டும்!