பழைய எடைக்கல்லில் நம் கூலியை நிறுப்பதா?

வெள்ளிமலையில் சாமையும் மரவள்ளியும் பயிரிடும் மலைவாழ் விவசாயிக்கு எடைக்கல்லைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கல் பொய்யானால் நஷ்டம் யாருக்கு என்பது அவருக்குத் தெரியும். சர்க்காரின் புள்ளிவிவரமும் ஓர் எடைக்கல்தான். அதில் நிறுக்கப்படுவது நமது கூலி, நமது ரேஷன், நமது பள்ளிக்கூடம்.

மில் தொழிலாளிக்கு இது புதிதல்ல. விலைவாசிப் புள்ளி ஏறினால்தான் பஞ்சப்படி ஏறும். கடைவீதி விலை வேறு, சர்க்கார் புள்ளி வேறு என்று 1963-ல் பம்பாய்த் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். லக்டவாலா குழு அமைக்கப்பட்டது. விலையேற்றத்தைப் புள்ளி குறைத்தே காட்டியது என்பது அம்பலமாயிற்று.

விவசாயத் தொழிலாளியின் நிலையோ இதைவிட மோசம். அவருக்கான விலைவாசிப் புள்ளி 1986-87-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டது. 2025 ஜூன் மாதக் கணக்கில்தான் அது 2019-க்கு மாற்றப்பட்டது. முப்பத்தெட்டு ஆண்டு! அந்தப் பழைய கணக்கில் செலவின் பெரும்பங்கு சோற்றுக்கே. இன்று செல்போன் இல்லாமல் வேலை கிடைக்காது. ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் கடன் வாங்குகிறோம். தானிய விலை சற்று இறங்கினால் புள்ளியும் தணியும். நமது செலவு தணியுமா? நூறு நாள் வேலைக் கூலி 2011 முதல் இந்தப் புள்ளியைக் கொண்டுதான் திருத்தப்பட்டது. புதிய குடும்பச் செலவு விசாரணை 2017-18-ல் நடந்தது. அதன் முடிவையும் சர்க்கார் வெளியிட மறுத்துவிட்டது.

மக்கள் தொகைக் கணக்கும் அப்படியே. 2011-ல் எண்ணியபோது கள்ளக்குறிச்சி மாவட்டமே இல்லை. 2019-ல்தான் அது விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலங்களுக்குத் தானிய ஒதுக்கீடு 2011 தலைக்கணக்கை வைத்தே நடந்து வந்தது. இடையில் பிறந்த குழந்தைக்குப் பசி இல்லையா?

நமக்குச் சாதகமான எண் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சரியான எண் வேண்டும் என்கிறோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை செலவுக் கணக்கு திருத்தப்பட வேண்டும். எந்தச் சந்தையில் என்ன விலை எடுத்தார்கள் என்பதைத் தமிழில் வெளியிட்டு, தொழிற்சங்கங்களின் கருத்தையும் கேட்க வேண்டும். 1.3.2027-ஐக் கணக்கு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் கல்வராயன் மலையின் ஒவ்வொரு குக்கிராமமும், பிழைப்புக்காக வெளிமாநிலம் போயிருக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் விடுபடாமல் எண்ணப்பட வேண்டும்.

கணக்கெடுப்பவர் வரும்போது ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள், தோழர்களே! எழுதப்பட்டதா என்று பாருங்கள். விடுபட்ட வீட்டுக்காகச் சங்கம் குரல் கொடுக்கட்டும். உழைப்பவன் கணக்கில் வராமல் அவன் கூலி கணக்கில் வராது.