கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்?

போன மாதம் பக்கத்தில் உள்ள ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருஷ மாணவர்களுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கோவையில் பம்ப்செட் கம்பெனிகளின் டிசைன் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் என்பதுதான் என் தகுதி. கருகிப்போன ஸ்டேட்டர் ஒன்றில் வெட்டிய துண்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "காலேஜுக்குப் போறீங்களா, காயலாங்கடைக்குப் போறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

அதை மேஜையில் வைத்து, "5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார். விவசாயிக்கு நல்ல மோட்டார் என்றால் எது?" என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் "எஃபிஷியன்சி" என்றது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1994இல் நானும் அதைத்தான் சொன்னேன்.

அப்போது ஒரு மோட்டார் வரைந்தேன். செம்பு கூடுதல், ஸ்டாம்பிங் நீளம் கூடுதல், ஸ்லாட்டில் ஒயரை நெருக்கித் திணித்தாயிற்று. டெஸ்ட் பெஞ்சில் அளந்தால் எங்கள் பழைய மோட்டாரைவிட நாலு சதவீதம் மேல். ஆனால் விலையும் ஏறியது. மீட்டிங்கில் சேல்ஸ் மேனேஜர், பத்தாவதோடு நிறுத்தியவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்க, தோட்டத்துக் கரண்ட் பில்லை யாருங்க கட்டறாங்க?"

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். மிச்சமாகும் யூனிட்டால் வாங்குகிறவருக்கு ஒரு பைசா லாபமில்லை. அவர் ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது. பிடிவாதமாகக் கொஞ்சம் மோட்டார்கள் செய்து விற்கவும் வைத்தேன்.

அவை திரும்பி வந்த விதம்தான் எனக்குப் படிப்பினை. மோட்டார் எரிந்தால் விவசாயி கம்பெனிக்கு வரமாட்டார், பக்கத்து ஊர் காயில் கட்டும் கடைக்குத்தான் போவார். தண்ணீர் நிரம்பிய மோட்டாரில் பாலி சுற்றிய தடித்த ஒயரைக் கையால் ஒவ்வொரு சுற்றாகக் கோக்க வேண்டும். என் நெருக்கமான ஸ்லாட்டில் அது நுழையவில்லை. மெக்கானிக் ஒரு கேஜ் மெல்லிய ஒயரைப் போட்டுக் கட்டினார். அது சூடேறி மறுபடி எரிந்தது. கெட்ட பெயர் எங்களுக்கு.

வோல்டேஜ் சமாச்சாரம் வேறு. இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 415க்குப் பதில் 300 வந்தால் இழுவை ஏறக்குறைய பாதிதான். ராத்திரி மூணு மணிக்கு அந்த 300இல் மோட்டார் எடுக்குமா என்பதுதான் தோட்டக்காரருக்குக் கவலை. டெஸ்ட் பெஞ்சில் நான் ஒரு நாளும் 300இல் ஓட்டிப் பார்க்கவில்லை.

இதைச் சொன்னதும் பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எங்க அப்பா மெக்கானிக் அண்ணன் சொல்ற மோட்டாரைத்தான் வாங்குவாருங்க சார்." நாலு வருஷம் அந்த வகுப்பில் இருந்திருக்கிறாள். இது பாடத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை.

என் கட்சி இதுதான். மேனேஜ்மென்ட் என்று ஒரு பேப்பர் வைத்து வரையறைகளை மனப்பாடம் செய்யவைப்பதற்குப் பதில், ஒரு நாள் காயில் கட்டும் கடையில் உட்காரவைக்கலாம். ஒரு நாள் டீலர் கடையில். ஒரு மோட்டாரில் செம்புக்கு எவ்வளவு, டீலர் கமிஷன் எவ்வளவு, வாரண்டிக்கு ஒதுக்குவது எவ்வளவு என்ற காஸ்டிங் தாளைக் கையில் கொடுக்கலாம். டிராயிங்கில் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் யாரோ ஒருவர் தன் செலவுக்குப் பயந்து முடிவு செய்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒரு பையன் சரியாக மடக்கினான்: "அப்ப மட்டமான மோட்டார் செய்றதுதான் சரியா சார்?" உறுத்தல் எனக்கும் உண்டு. விவசாயி கட்டாத பில்லை அரசாங்கம் கட்டுகிறது, அதாவது நாம் எல்லாரும். கம்பெனிக்குச் சரியான முடிவு ஊருக்கு நஷ்டம். அதையும் மறைக்காமல் சொன்னேன். சோலார் பம்பைப் பற்றியும் சொன்னேன். அங்கே மோட்டார் தின்னும் ஒவ்வொரு வாட்டுக்கும் பேனல் வாங்கியாக வேண்டும். அதனால் அன்று விலைபோகாத அந்த நாலு சதவீதத்துக்கு இன்று காசு இருக்கிறது. இயற்பியல் மாறவில்லை, பணம் கொடுக்கிற கை மாறிவிட்டது.

காபி குடிக்கும்போது துறைத் தலைவர், "நல்லா இருந்ததுங்க சார். ஆனா ரெண்டு பதிலும் சரின்னா மார்க் எப்படிப் போடறது?" என்றார். பதிலுக்குப் போட வேண்டாம், டிசைன் தொடங்கும் முன்பு மாணவன் யார் யாரிடம் போய் என்ன கேட்டான் என்பதற்குப் போடுங்கள் என்றேன். "யூனிவர்சிட்டி ஒத்துக்கணுமே" என்று சிரித்தார்.

ஸ்டேட்டரை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்காரிக்கு அதில் பரம சந்தோஷம்.