யார் தப்பு என்று கேட்காத சட்டம்



பனியன் கம்பெனியில் யாருக்காவது விரல் போனால் முதலில் எழும் கேள்வி, "பாத்து வேலை செய்யக் கூடாதா?" சூப்பர்வைசர் கேட்பார், வீட்டிலும் கேட்பார்கள். அந்தக் கேள்வியையே ஓரங்கட்டிய சட்டம் 1923-ல் வந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 ஜூலை 1 முதல் அமல்.

அதே கேள்வியை நீதிமன்றமும் கேட்டதுண்டு. இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்ற இறைச்சிக்கடை வேலையாள், அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய முதலாளியின் வண்டி உடைந்ததில் தொடையெலும்பை முறித்துக்கொண்டார். ஜூரி அவருக்கு 100 பவுண்டு தரச் சொன்னது. 1837-ல் மேல் நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். ஆபத்து தெரிந்தால் ஏறாமல் இருந்திருக்கலாமே என்றார்கள். வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை. அங்கே சட்டம் மாற 1897 ஆனது.

நம் சட்டம் கேட்டது, வேலை நேரத்தில், வேலையால் அடிபட்டதா என்பதை மட்டும். குடித்திருந்ததாலோ, பாதுகாப்புக்கு வைத்ததை வேண்டுமென்றே கழற்றியதாலோ அடிபட்டால் காயத்துக்கு மறுக்கலாம். (பீஸ் ரேட் அவசரத்தில் நீடில் கார்டைக் கழற்றும் தம்பி, தங்கைகள் கவனிக்க!) உயிர் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ அந்தச் சாக்கும் செல்லாது. விரலுக்கும் கணக்கு உண்டு: சம்பாதிக்கும் திறன் இழப்பு கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டிக்கு 14, சுண்டுவிரலுக்கு 7. டெய்லரின் ஆள்காட்டி விரலுக்கு 14தானா என்று எனக்குக் கோபம் வருவதுண்டு.

திருப்பூரில் அதிகம் கேட்கும் பதில் வேறு: "அவர் எங்க ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்." கம்பெனியின் தொழில், கம்பெனியின் இடம் என்றால் கம்பெனியிடமே இழப்பீடு கேட்கலாம், கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது கம்பெனியின் பாடு. துணி ஜாப் ஒர்க்குக்கு வெளியே போய்விட்டால் இந்தப் பிடி தளர்ந்துவிடும். நம் ஊர்த் தொழிலில் பாதி அப்படித்தானே நடக்கிறது?

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குப் பணம் அங்கிருந்து வரும்; முதலாளியிடம் தனியாகக் கேட்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் இழப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் இரண்டும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்துவிட்டன. வேலைக்கு வந்துபோகும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் சேரும். கம்பெனி வேனில் வருகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் ஒருவர் இறந்தால், இழப்பீட்டை அதற்கான அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக் குடும்பத்தின் கையில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது.

அன்புடன்,
ஆசிரியர்