வாடகை குறைந்தால் போதுமா?

என் கணவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. 'சென்னையில் எதுக்கு வாடகையைக் கொட்டணும்? கும்பகோணம் போயிடலாம்' என்கிறார். நல்ல ஊர்தான். 1854ல் ஆரம்பித்த அரசு கல்லூரி உண்டு. 2021ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

ஆனால், குடும்பம் என்றால் வாடகை மட்டும்தானா? மாமியார் இதய நோயாளி. அங்கே அரசு ஆஸ்பத்திரி இருந்தாலும், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு சுமார் 40 கி.மீ., தஞ்சாவூர் ஓடணும். மகள் பிளஸ் 1. நடுவில் பள்ளி மாற்றினால் பிளஸ் 2வில் திண்டாடுவாள். பத்து வருஷமாக ரவிக்கை தைத்து நான் சேர்த்த வாடிக்கைக்காரர்களை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியுமா? மிச்சமாகும் வாடகையோடு, நின்று போகும் என் வருமானத்தையும் கணக்கில் சேர்க்கணுமே!

கோவிலுக்குப் போகும்போது எந்த ஊரும் அழகுதான். மே மாதம் நாலு வாரம் தங்கிப் பார்க்கணும். குழாயில் தண்ணீர் எப்போது வருது, ராத்திரி மருந்துக் கடை திறந்திருக்கா, டியூஷன் முடிந்து பெண் பிள்ளை பயமில்லாமல் வர முடியுமா என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் விசாரிக்கணும்.

மகள் பரீட்சை முடியட்டும், மாமியாரின் டாக்டரும் சம்மதிக்கட்டும். அப்புறம் பெட்டி கட்டலாம் என்று சொல்லிவிட்டேன். ஊர் மாறும் முடிவில், வீட்டுப் பெண்களையும் ஒரு வார்த்தை கேளுங்களேன்!

- ஒரு வாசகி, சென்னை.